ஒரே பட்டறையில் அங்குலமும் மில்லிமீட்டரும்: புதிதாக வேலைக்குச் சேர்வோருக்கான வழிகாட்டி

ஊரில் ஐடிஐ-யில் டர்னர் அல்லது ஃபிட்டர் பயிற்சி முடித்துவிட்டு சிங்கப்பூரின் ஜூரோங்கிலோ துவாஸிலோ ஓர் இயந்திரப் பட்டறையில் சேருபவர் மில்லிமீட்டரில் அளந்து பழகியவராகவே இருப்பார். இந்தியா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் முறையை ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரும் 1970-களில் அதே வழிக்கு மாறிவிட்டது. ஆகவே அங்குலம் என்பது தாத்தா காலத்துக் கணக்கு என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை. ஆனால் இங்குள்ள பட்டறைகளுக்கு வேலை உலகெங்கிலுமிருந்து வருகிறது. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களும் அவற்றின் இணைப்பு மரைகளும் இன்றும் அங்குலத்தில்தான் பெயரிடப்படுகின்றன. சிலேத்தார், லோயாங் பகுதிகளில் நடக்கும் விமான எந்திரப் பராமரிப்பு வேலைகளில் அமெரிக்க வரைபடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய பட்டறைகளின் மூலையில் பிரிட்டிஷ் தயாரிப்பான கால்செஸ்டர் அல்லது ஹாரிசன் லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கலாம். ஆகையால் இரண்டு முறைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொள்வது நல்லது.

ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். இது ஏறத்தாழச் சொல்லும் எண் அன்று. தொழில்துறைப் பயன்பாட்டுக்கு இந்த மதிப்பை பிரிட்டன் 1930-இலும் அமெரிக்கா 1933-இலும் ஏற்றுக்கொண்டன; 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் உடன்பட்டதும் அதுவே துல்லியமான வரையறையாகிவிட்டது. பெருக்கலும் வகுத்தலும் கைப்பேசியே செய்துவிடும் என்பதால் கணக்கில் தொல்லை இல்லை. உண்மையான தொல்லை, கிட்டத்தட்டப் பொருந்தும் பொருள்களில் இருக்கிறது. பொருந்தவே பொருந்தாத பொருளை யாரும் வலிந்து மாட்டுவதில்லை. முக்கால்வாசி பொருந்துவதுதான் மரையைக் கெடுக்கிறது, நட்டின் முனையை உருட்டுகிறது, குழாயை ஒழுகவிடுகிறது. பின்வரும் படிகள் அனைத்தும் அந்த ஆபத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

முதல் படி: வரைபடம் எந்த அலகில் உள்ளது என்று உறுதிசெய்தல்

வரைபடத்தின் கீழ் வலது மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தில் அலகு குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நகலெடுக்கும்போது அந்தக் கட்டம் வெட்டுப்பட்டு, பாதிப் பக்கம் மட்டும் கையில் கிடைப்பது அரிதன்று. அப்போது எண்கள் எழுதப்பட்டிருக்கும் முறையே வழிகாட்டும். அமெரிக்க வரைபட வழக்கப்படி அங்குல அளவில் புள்ளிக்கு முன் சுழியம் எழுதப்படுவதில்லை, அரை அங்குலம் .500 என்றே இருக்கும். மில்லிமீட்டர் அளவில் புள்ளிக்கு முன் சுழியம் உண்டு, கடைசியில் தேவையற்ற சுழியங்கள் இரா. ஆகவே .750, 1.250 என்று மூன்று இலக்கங்கள் வரிசையாக வந்தால் அது பெரும்பாலும் அங்குலம், 0.8, 19, 31.75 என்று வந்தால் மில்லிமீட்டர். ஜெர்மானிய வரைபடமாக இருந்தால் 12,5 என்று காற்புள்ளி இருக்கும். அது பன்னிரண்டரைதான், நூற்று இருபத்தைந்து அன்று. அமெரிக்க வரைபடங்கள் மூன்றாம் கோண முறையிலும் (மேலிருந்து பார்க்கும் தோற்றம் மேலே இருக்கும்) ஐரோப்பிய வரைபடங்களில் பல முதற்கோண முறையிலும் (அதே தோற்றம் கீழே இருக்கும்) வரையப்படுகின்றன என்பதால், அலகைப் பார்க்கும்போதே அந்த முறையைக் காட்டும் கூம்புச் சின்னத்தையும் பார்த்துவிடுங்கள். மேற்பரப்பு வழவழப்புக்கான எண்ணும் ஒரு துப்புத் தரும்: 1.6 என்றிருந்தால் மைக்ரோமீட்டர், அதே வழவழப்பு 63 என்றிருந்தால் மைக்ரோ அங்குலம்.

வாய்ச்சொல்லில் வரும் அளவுகளில் இன்னும் கவனம் தேவை. தமிழ்நாட்டு ஆசாரிகளும் ஃபிட்டர்களும் 'நூல்' என்று சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இங்குள்ள சீனத் தொழிலாளர்களும் ஹார்டுவேர் கடைக்காரர்களும் சொல்லும் 'ஹுன்' என்பதும் அதே எட்டில் ஒன்றுதான். நான்கு ஹுன் குழாய் என்றால் அரை அங்குலக் குழாய், ஆறு ஹுன் என்றால் முக்கால் அங்குலம். அங்குல வேலையில் பழகிய ஆய்வாளர் ஒருவர் 'ஒரு டென்த் கூடுதல்' என்றால் அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.0025 மி.மீ.; மெட்ரிக்கில் பழகியவர் காதில் அது 0.1 மி.மீ. என்று விழுந்தால் இரண்டுக்கும் இடையில் நாற்பது மடங்கு வேறுபாடு. எவ்வளவு பெரிய மேற்பார்வையாளர் சொன்னாலும் அளவைத் தாளில் எழுதி, அலகையும் சேர்த்துக் காட்டி, 'இதுதானே, அண்ணே?' என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் கெட்டுப்போன பொருளைவிட அது மலிவு.

இரண்டாம் படி: ஒரே ஒரு முறை மாற்றுதல், அதையும் தாளிலேயே செய்தல்

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மனக்கணக்காக அலகை மாற்றும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள். வரைபடத்தில் உள்ள அளவுகள் அனைத்தையும், இயந்திரத்தின் அலகுக்கு, வேலை தொடங்கும் முன்பே மாற்றி ஒரு தாளில் எழுதி, இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்து, இயந்திரத்தின் அருகே ஒட்டிவைக்க வேண்டும். மூல வரைபடத்தில் பேனாவால் கிறுக்கக் கூடாது. அடுத்த முறை அதே வரைபடம் வேறொருவர் கைக்குப் போகும்போது எந்த எண் அசல், எந்த எண் மாற்றப்பட்டது என்று தெரியாமல் போகும்.

டாலரன்ஸ் எனப்படும் அனுமதி வரம்பை மாற்றும்போதுதான் அதிகப் பிழை நேர்கிறது. வரைபடம் .500 அங்குலம், கூடவோ குறையவோ .001 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கான இதைப் பட்டறைகளில் 'தௌ' என்பார்கள்; அது 0.0254 மி.மீ. இதை வசதிக்காக 0.03 என்று முழுமைப்படுத்தினால் வரம்பு 12.67 முதல் 12.73 வரை என்றாகும். ஆனால் உண்மையான வரம்பு 12.6746 முதல் 12.7254 வரைதான். நீங்கள் 12.728-இல் முடித்த பொருள் உங்கள் தாளின்படி தேறும், வாடிக்கையாளரின் மைக்ரோமீட்டரில் தேறாது. ஆகவே முதலில் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பிறகு இரண்டையும் உள்நோக்கி முழுமைப்படுத்த வேண்டும்: மேல் எல்லையைக் குறைத்து 12.725, கீழ் எல்லையை உயர்த்தி 12.675. இதே முறையில், 1.250 அங்குலத்துக்குக் கூடுதல் ஏதுமின்றி .002 குறையலாம் என்றிருந்தால் எல்லைகள் 31.75, 31.70 ஆகும். உள்நோக்கி முழுமைப்படுத்துவதால் வரம்பில் ஒரு துளி நமக்கு நட்டமாகும்; அந்த நட்டம் தாங்க முடியாத அளவுக்கு வரம்பு குறுகியதாக இருந்தால், முழுமைப்படுத்தாமல் நான்காம் இலக்கம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் இலக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அளவுகள் அனைத்தும் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பொருந்துபவை. குளிரூட்டி இல்லாத பட்டறையில் 30 பாகையில் இருக்கும் 100 மி.மீ. எஃகுத் துண்டு 0.0115 மி.மீ. நீண்டிருக்கும், அது ஏறத்தாழ அரை தௌ. கணினியில் ஏழு இலக்கம் வரை மாற்றிவிட்டு, வெட்டிய சூடு ஆறும் முன்பே பொருளை அளப்பவரை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மூன்றாம் படி: இயந்திரத்தின் பிறவி அலகைக் கண்டறிதல்

டயலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே இருக்கும் திருகு எந்த அலகில் வெட்டப்பட்டது என்பதே முக்கியம். டயலை முன்பே யாராவது மாற்றியிருக்கலாம். சில மலிவான இயந்திரங்களில் மெட்ரிக் திருகின் மேல் அங்குல டயலைப் பொருத்திவிடுவதும் உண்டு. எடுத்துக்காட்டாக, 1 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலுள்ள தூரம்) உள்ள திருகு ஒரு சுற்றுக்கு 0.03937 அங்குலம் நகரும். அதன் டயலில் 40 கோடுகள் போட்டு 0.040 அங்குலம் என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அரை தௌவுக்கும் மேல் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

சோதிப்பது எளிது. காந்தத் தாங்கியில் டயல் கேஜை நிறுத்தி அதன் முனை சறுக்குப் பலகையைத் தொடும்படி வையுங்கள். கைப்பிடியை ஒரே திசையில் சிறிது சுழற்றி, திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்வை எடுத்துவிட்டு, டயல்கள் இரண்டையும் சுழியத்தில் வைத்து, சரியாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். டயல் கேஜ் 2.54 அல்லது 5.08 மி.மீ. காட்டினால் அங்குலத் திருகு. 2, 4 அல்லது 5 மி.மீ. காட்டினால் மெட்ரிக் திருகு. முடிவை இயந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

லேத்தின் குறுக்குச் சறுக்கில் இன்னொரு கேள்வியும் உண்டு. சில டயல்கள் கருவி நகர்ந்த தூரத்தைக் காட்டும். சில டயல்கள் விட்டத்தில் குறைந்த அளவைக் காட்டும். 32.40 மி.மீ. விட்டத்தை 31.72-க்குக் கொண்டுவர வேண்டும், டயலோ அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைய வேண்டியது 0.68 மி.மீ., அதாவது 26.8 தௌ. விட்டத்தைக் காட்டும் டயலாக இருந்தால் 26.8 கோடுகள், நகர்ச்சியைக் காட்டும் டயலாக இருந்தால் 13.4 கோடுகள் மட்டுமே. அலகு மாற்றத்தைச் சரியாகச் செய்துவிட்டு, இந்த இரட்டிப்பைக் கவனிக்காமல் பொருளைக் கெடுப்பவர்கள் அநேகம். விரைவுக்கு, 0.1 மி.மீ. என்பது ஏறத்தாழ 4 தௌ, 0.01 மி.மீ. என்பது ஏறத்தாழ 0.4 தௌ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது விடை நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே.

டிஆர்ஓ எனப்படும் எண்காட்டி பொருத்தப்பட்ட இயந்திரமாக இருந்தால் வேலை பாதியாகக் குறையும். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் அலகு மாறும். கண்ணாடி அளவுகோல் மாறுவதில்லை, காட்டும் எண் மட்டுமே மாறுகிறது. ஆனால் எண்காட்டி மில்லிமீட்டரிலும் கைப்பிடி டயல் அங்குலத்திலும் இருக்கும்போது, ஒரு கண்ணை அதிலும் மறு கண்ணை இதிலும் வைக்காதீர்கள். எண்காட்டியை நம்புவதென்றால் டயலின் மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டி மறைத்துவிடுவதுகூடத் தகும். அளக்கும் கருவியும் அதே அலகில் இருக்கட்டும்: மெட்ரிக் மைக்ரோமீட்டர் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., அங்குல மைக்ரோமீட்டர் ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம், வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருப்பதால், எடுக்கும்போது சட்டத்தில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும்.

நான்காம் படி: லேத்தில் அடுத்த முறையின் மரையை வெட்டுதல்

புதியவர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். உண்மையில் 127 என்ற ஒரே எண்ணைப் புரிந்துகொண்டால் அச்சம் போய்விடும். 25.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 127. இது பகா எண் என்பதால் வேறு சிறிய பல்சக்கரங்களைக் கூட்டிச் சேர்த்து அதை உருவாக்க முடியாது. ஆகவே இரு முறைகளுக்கிடையே துல்லியமாகக் கடக்க வேண்டுமானால் 127 பற்கள் உள்ள சக்கரம் ஒன்று, அல்லது அதன் மடங்கு, இணைப்பில் இருந்தே ஆக வேண்டும்.

அங்குலத்துக்கு 8 மரை உள்ள லீட் ஸ்குரூவில் (மரை வெட்டும்போது கருவியை நகர்த்தும் நீளத் திருகு) 1.5 மி.மீ. பிட்ச் வெட்ட வேண்டும் என்று கொள்வோம். லீட் ஸ்குரூவின் பிட்ச் 3.175 மி.மீ.; 1.5-ஐ அதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் சரியாக 60-க்கு 127. அதாவது இயக்கும் சக்கரம் 60 பல், இயங்கும் சக்கரம் 127 பல். 2 மி.மீ. பிட்ச் வேண்டுமென்றால் 80-க்கு 127. மறுபுறம், 6 மி.மீ. லீட் ஸ்குரூ உள்ள மெட்ரிக் லேத்தில் அங்குலத்துக்கு 10 மரை வெட்ட வேண்டுமானால் பிட்ச் 2.54 மி.மீ.; இயக்கும் சக்கரங்கள் 127-உம் 20-உம், இயங்கும் சக்கரங்கள் 100-உம் 60-உம் என்ற கூட்டு அமைப்பு அதைத் தரும். கியர் பெட்டி உள்ள லேத்தில் இந்தக் கணக்கு வேண்டாம். மூடியில் ஒட்டியுள்ள அட்டவணையைப் பார்த்து நெம்புகோல்களை வைத்தால் போதும். ஆனால் அந்த அட்டவணை, பக்கவாட்டுச் சக்கரங்களை மாற்றச் சொல்கிறதா என்பதைக் கவனியுங்கள். பல லேத்துகளில் மெட்ரிக் வரிசைக்கும் அங்குல வரிசைக்கும் வெவ்வேறு சக்கரங்கள் தேவைப்படும்.

சிறிய லேத்தில் 127 பல் சக்கரத்துக்கு இடம் இராது. அங்கே 63 பல் சக்கரம் கைகொடுக்கும். 127-க்கு 100 என்பது 1.27, 80-க்கு 63 என்பது 1.26984. பிழை எட்டாயிரத்தில் ஒரு பங்குதான். 20 மி.மீ. நீளமுள்ள நட்டில் அது 0.0025 மி.மீ.; யாருக்கும் தெரியாது. ஒரு மீட்டர் நீள இயக்கத் திருகை வெட்டினால் 0.125 மி.மீ. பிழை சேரும், அதை இந்தச் சக்கரத்தில் வெட்டக் கூடாது.

வெட்டும்போது மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. அங்குல லீட் ஸ்குரூவில் மெட்ரிக் மரையோ, மெட்ரிக் லீட் ஸ்குரூவில் அங்குல மரையோ வெட்டும்போது, முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டு வரை ஹாஃப் நட்டை (கருவியை லீட் ஸ்குரூவோடு பூட்டும் பிளவு நட்டை) விடுவிக்கவே கூடாது. மரை டயலைப் பார்த்து மறுபடி பூட்டும் வழக்கமான முறை இங்கே உதவாது. அடுத்த முறை கருவி வேறொரு இடத்தில் விழுந்து, வெட்டிய மரையைக் குறுக்கே அறுத்துவிடும். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் கருவியைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை நிறுத்தி, சுழற்சி முற்றிலும் நின்றபின் எதிர்த்திசையில் ஓட்டித் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு நேரம் தேவை என்பதால் வேகத்தைக் குறைத்து, மரை முடியும் இடத்தில் அகலமான ஒரு பள்ளத்தை முன்கூட்டியே வெட்டிவைப்பது நல்லது. பொருளைப் பிடிக்கும் 'சக்'-ஐத் திருகி மாட்டும் பழைய லேத்தாக இருந்தால், எதிர்த்திசையில் ஓட்டும்போது சக் கழன்று வரக்கூடும்; அத்தகைய லேத்தில் மேற்பார்வையாளரைக் கேட்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

முதல் வெட்டு வெறும் கீறலாக இருக்கட்டும். உடனே இயந்திரத்தை நிறுத்தி மரை கேஜ் வைத்துப் பாருங்கள். 1.25 மி.மீ. பிட்சும் அங்குலத்துக்கு 20 மரை என்பதும், அதாவது 1.27 மி.மீ., நான்கைந்து பற்களில் ஒன்றுபோலவே தோன்றும். பத்து மரைகளுக்கு அளந்தால் ஒன்று 12.5, மற்றது 12.7, அப்போதுதான் வேறுபாடு தெரியும். கோணத்தையும் மறக்க வேண்டாம்: மெட்ரிக் மரையும் அமெரிக்க யுஎன்சி (பெருமரை), யுஎன்எஃப் (நுண்மரை) வகைகளும் 60 பாகை, பிரிட்டிஷ் விட்வொர்த் மரையும் அதன் வழி வந்த பிஎஸ்பி குழாய் மரையும் 55 பாகை.

ஐந்தாம் படி: போல்ட், நட், ஸ்பானர் ஆகியவற்றை இனம் பிரித்தல்

போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8, 10.9 போன்ற எண் பொறித்திருந்தால் மெட்ரிக். மூன்று கோடுகளோ ஆறு கோடுகளோ நடுவிலிருந்து கதிர்போல விரிந்திருந்தால் அமெரிக்க அங்குல வகை. மூன்று கோடு தரம் 5, ஆறு கோடு தரம் 8. குறியே இல்லாததை அளந்துதான் அறிய வேண்டும்.

மிகவும் ஏமாற்றக்கூடிய இணை, எம்5 திருகும் (5 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் திருகு) அமெரிக்க 10-32 திருகும் (10-ஆம் எண் அளவு, அங்குலத்துக்கு 32 மரை). எம்5-இன் பிட்ச் 0.8 மி.மீ., 10-32-இன் பிட்ச் 0.794 மி.மீ.; ஆகவே 10-32 திருகு எம்5 துளையில் கடைசி வரை சுகமாக ஏறும். ஆனால் அதன் விட்டம் 4.83 மி.மீ. மட்டுமே என்பதால் பற்கள் ஆழமாகப் பிடிப்பதில்லை. இறுக்கும்போதோ, பின்னர் அதிர்விலோ மரை உரிந்துவிடும். 3/8 அங்குல யுஎன்சி போல்ட்டை எம்10 நட்டில் போட்டால் சில சுற்றுகள் ஏறிச் சிக்கிக்கொள்ளும். அங்கே ஸ்பானரை எடுத்து வலிந்து திருப்புபவர் இரண்டையும் கெடுக்கிறார். அங்குல வகைக்குள்ளேயும் சண்டை உண்டு: 1/2 அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, 1/2 அங்குல யுஎன்சியில் 13. எந்த போல்ட்டானாலும் விரல்களால் மட்டும் தடையின்றி ஏற வேண்டும். ஸ்பானர் இறுக்குவதற்கு மட்டுமே.

ஸ்பானரில், 19 மி.மீ.-உம் 3/4 அங்குலமும் 0.05 மி.மீ. மட்டுமே வேறுபடுவதால் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று உதவும். 1/2 அங்குல ஸ்பானர் வேண்டிய நட்டில் 13 மி.மீ. ஸ்பானரைப் போடும் பழக்கம் மிகப் பரவலானது, மிகக் கெட்டதும் அதுவே, 0.3 மி.மீ. இடைவெளி நட்டின் முனைகளை உருட்டிவிடும். 1/4 அங்குல ஆலன் துளையில் 6 மி.மீ. சாவியும் அப்படித்தான். பழைய பிரிட்டிஷ் இயந்திரத்துக்கு விட்வொர்த் ஸ்பானர் தேவைப்பட்டால், அதில் பொறித்திருப்பது போல்ட்டின் விட்டமே தவிர ஸ்பானர் வாயின் அகலம் அன்று.

துளையிடும் வேலையில் மட்டும் கொஞ்சம் நிம்மதி உண்டு. அங்குல மரைக்கு எண் டிரில், எழுத்து டிரில் என்று தேடி அலைய வேண்டாம். அருகிலிருக்கும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் டிரில்களே பெரும்பாலும் போதும். 1/4 அங்குல யுஎன்சிக்கு 5.1, 3/8-க்கு 8.0, 1/2-க்கு 10.8 மி.மீ. துளை போடலாம்.

குழாய் மரையில் அந்த நிம்மதி இல்லை. இங்கே தண்ணீர், காற்றுக் குழாய்களுக்குப் பழக்கமானது பிஎஸ்பி. அமெரிக்கக் கருவிகளில் வருவது என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரை. 1/2 அங்குலத்திலும் 3/4 அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒன்றில் ஒன்று நன்றாகவே ஏறும். ஆனால் கோணம் வேறு, விட்டம் வேறு. டெஃப்லான் நாடாவை எவ்வளவு சுற்றினாலும் அழுத்தம் ஏறும்போது ஒழுகும், ஹைட்ராலிக் இணைப்பில் அது ஆளையே காயப்படுத்தும். 1/4 அங்குலத்தில் பிஎஸ்பி 19, என்பிடி 18 என்பதால் அது தானே சிக்கிக்கொண்டு நம்மை எச்சரிக்கிறது. குழாயின் 'அரை அங்குலம்' என்பது பெயர் மட்டுமே. 1/2 அங்குல பிஎஸ்பி ஆண் மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. என்பதால், காலிப்பரை வைத்துவிட்டு 'இது 20 மி.மீ. குழாய்' என்று முடிவுசெய்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: வெட்டுக் கருவிகளும் சிஎன்சி இயந்திரமும்

20 மி.மீ. கருவி அமரும் இடத்தில் 3/4 அங்குலக் கருவியை வைத்தால், அதன் உயரம் 19.05 மி.மீ. மட்டுமே என்பதால், முனை மையத்துக்கு 0.95 மி.மீ. கீழே நிற்கும். அடியில் தகடு கொடுத்து உயர்த்தாமல் முகத்தை வெட்டினால் நடுவில் ஒரு குமிழ் எஞ்சும். ஒரு அங்குலக் கருவியை 25 மி.மீ. இடத்தில் திணித்தால் 0.4 மி.மீ. மேலே நிற்கும், அதற்குத் தகடும் உதவாது. கருவியின் தண்டைச் சுற்றி இறுக்கும் கோலட்டிலும் கவனம் தேவை: 12.7 மி.மீ. தண்டை 12 மி.மீ. கோலட்டில் தட்டி ஏற்றாதீர்கள். இஆர் வகையில் 13-லிருந்து 12 வரை சுருங்கும் கோலட் அதைச் சரியாகப் பிடிக்கும். இன்செர்ட் (கருவி முனையில் மாட்டும் வெட்டுத் துண்டு) வாங்கும்போது சிஎன்எம்ஜி 120408 என்பதும் அமெரிக்கப் பட்டியலில் வரும் சிஎன்எம்ஜி 432 என்பதும் ஒரே பொருள் என்று அறிந்திருந்தால் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை. மெட்ரிக் பெயரில் வரும் அந்த இன்செர்ட்டின் உள்வட்ட விட்டமும் 12.7 மி.மீ.தான், அதாவது அரை அங்குலம்.

கணினி நிரலால் இயங்கும் சிஎன்சியில், ஃபானுக் வகைக் கட்டுப்பாட்டகங்களில் ஜி20 என்றால் அங்குலம், ஜி21 என்றால் மில்லிமீட்டர். நிரலின் முதல் வரியிலேயே இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். முந்தைய ஷிப்டில் யாரோ விட்டுச்சென்ற நிலையை நம்பி ஓட்டக் கூடாது. ஹாஸ் இயந்திரத்தில் அலகைத் தீர்மானிப்பது அமைப்பு எண் 9. நிரலில் உள்ள குறியீடு அதனோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க மட்டுமே பயன்படுகிறது.

அலகு தவறினால் நகர்ச்சி மட்டும் தவறுவதில்லை. லேத்தில் ஒரு சுற்றுக்கு 0.2 என்று எழுதிய ஊட்டம் (கருவி முன்னேறும் தூரம்) அங்குல நிலையில் 5.08 மி.மீ. ஆகிவிடும், கருவியும் பொருளும் தப்பாது. நிலையான வெட்டு வேகத்தில், நிமிடத்துக்கு 600 அடி என்று நினைத்து எழுதிய எண் மெட்ரிக் நிலையில் 600 மீட்டராகி, சுழற்சியை மூன்று மடங்குக்கும் மேல் உயர்த்தும். அதனால் உச்சச் சுழற்சி வேகத்துக்கு ஒரு வரம்பை நிரலில் எழுதியே வையுங்கள். பல கட்டுப்பாட்டகங்களில் புள்ளி இல்லாமல் 10 என்று எழுதினால் அது மெட்ரிக் நிலையில் 0.010 மி.மீ., அங்குல நிலையில் 0.0010 அங்குலம் என்று கொள்ளப்படும். ஆகவே புள்ளியைப் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அலகை மாற்றியபின் கருவி ஆஃப்செட் எண்களையும் பூஜ்யப் புள்ளியையும் திரையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவை தாமாக மாறுமா மாறாதா என்பது இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது. பிறகு பொருள் இல்லாமல், ஒவ்வொரு வரியாக, விரைவு நகர்ச்சியை மிகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

மாற்றுப் பாகங்கள் வாங்கும்போது

பல் பெல்ட் ஒன்று அறுந்துபோனால் பற்களை எண்ணி, நீளத்தை அளந்து, ஜாலான் புசார் பக்கத்திலோ ஊபியிலோ உள்ள கடைக்கு ஓடுவதற்கு முன், பிட்சைப் பாருங்கள். அங்குல முறையின் எக்ஸ்எல் வகை 5.08 மி.மீ., மெட்ரிக் முறையின் டி5 வகை 5.00 மி.மீ.; கையில் பிடித்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் சக்கரத்தில் மற்றது சில பற்களுக்குப் பிறகு மேலேறி விரைவில் தேய்ந்துபோகும். அதேபோல எல் வகை 9.525, டி10 வகை 10. தனியாக ஒரு பல்லிடைவெளியை அளக்காமல், இருபது பற்களின் நீளத்தை அளந்து இருபதால் வகுத்தால் ஐயம் தீரும். செயினில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனெனில் பட்டறைகளில் பொதுவாகப் பயன்படும் ரோலர் செயின்களின் பிட்ச், மெட்ரிக் நாடுகளில்கூட, அங்குலக் கணக்கிலேயே வருகிறது. 08பி செயினின் 12.7 மி.மீ. என்பது அரை அங்குலம்தான். ஆனால் அதே அரை அங்குலப் பிட்ச் உள்ள அமெரிக்க 40-ஆம் எண் செயினின் ரோலர் விட்டம் வேறு என்பதால், கொள்முதல் தாளில் பிட்சை மட்டும் எழுதாமல் செயினின் முழுக் குறியீட்டையும், சக்கரத்தில் பொறித்துள்ள எண்ணையும் சேர்த்து எழுதிக்கொடுங்கள்.